ஒன்பது வயது மகள், பதினான்கு மணி நேரப் படப்பிடிப்பு: நடுவில் விலக முடியுமா?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டு ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

அவருடைய மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. ஏழு மாதமாக ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடிக்கிறாள். மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் படப்பிடிப்பு. காலை ஆறரைக்கு வண்டி வருகிறது. வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிறது. நாளுக்கு 4,000 ரூபாய் சம்பளம். வாய்ப்பு வாங்கித் தந்த கோ-ஆர்டினேட்டர் அதில் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறார். மீதி கணவரின் கணக்குக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணையும் அந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது. வருகைப் பதிவு குறைவதாகப் பள்ளியிலிருந்து இரண்டு முறை கடிதம் வந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன் ஓர் அழுகைக் காட்சி. குழந்தைக்கு அழுகை வரவில்லை. தாயைக் கீழ்த்தளத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, “உங்க அம்மா உன்னை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க” என்று உதவி இயக்குநர் ஒருவர் சொல்லியிருக்கிறார். குழந்தை கதறியது, ஷாட் ஓகே ஆனது, எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து இரவில் தாயின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். படுக்கையை நனைக்கிறாள். கேட்டதற்கு, “நடிப்பு வரணும்னா இதெல்லாம் சகஜம்” என்றாராம் தயாரிப்பு மேனேஜர்.

இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் தாய் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நடுவில் விலகினால் ஐந்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. “சினிமா, சீரியலுக்குக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் கிடையாது” என்று கோ-ஆர்டினேட்டர் சொல்கிறார். புகார் கொடுத்தால் பெற்றோரைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று பயமுறுத்தவும் செய்கிறார். “இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ” என்கிறார் கணவர். விலக முடியுமா, பணம் கட்ட வேண்டி வருமா, நடந்தது தவறா, இல்லை நான்தான் பெரிதுபடுத்துகிறேனா என்று கேட்டு முடிக்கிறார்.

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. தாய் விட்டுப் போய்விட்டாள் என்று நம்பி அழுத குழந்தை அங்கே நடிக்கவில்லை. உரிய வயதில் நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கி இரண்டு மாதம் நீடித்தால் அது தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்கும் விஷயமில்லை. இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் அவர் அனுப்புவார். நடந்ததை அப்படியே சொல்லுங்கள், மருத்துவர் எழுதும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். முதலில் அது சிகிச்சைக்கு. சான்றாக உதவுவது அப்புறம்.

சட்டம் கிடையாது என்பது பாதி உண்மைகூட இல்லை

14 வயது நிறையாத குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது 1986-ஆம் ஆண்டின் குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம். 2016-இல் அதைத் திருத்தியபோது திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் ஆகியவற்றில் கலைஞராகப் பணியாற்ற விலக்கு கொடுத்தார்கள். கோ-ஆர்டினேட்டர் சொல்வது இந்த விலக்கை. ஆனால் அது நிபந்தனையோடு வந்த விலக்கு, படிப்புக்குப் பாதிப்பு வரக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. மற்ற நிபந்தனைகள் 2017-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளன. அவற்றை மீறினால் விலக்கைக் காட்டித் தயாரிப்பாளர் தப்பிப்பது கடினம். குழந்தையைச் சட்டவிரோதமாக வேலைக்கு வைத்தவர் என்று ஆகிவிட்டால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உங்கள் கடிதம் முழுக்க நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த ஒப்பந்தத்தைப் பற்றியே இருக்கிறது. உங்கள் கண்ணில் காட்டப்படாத காகிதம்தான் முக்கியம். குழந்தையை வைத்துப் படம் பிடிக்கும் முன், படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். அலுவலகம் சென்னையில் இருந்து, ஷூட்டிங் வீடு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தால் செங்கல்பட்டு ஆட்சியரிடம். அதோடு படிவம் சி-யில் உறுதிமொழி, நடிக்கும் குழந்தைகளின் பட்டியல், பெற்றோரின் ஒப்புதல், குழந்தையின் பாதுகாப்புக்கு யூனிட்டில் யார் பொறுப்பு என்ற பெயர் எல்லாம் தர வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளர் இருக்க வேண்டும். உங்கள் மகளுக்குப் பொறுப்பு யார் என்று உங்களுக்கே தெரியவில்லையென்றால், அந்த விண்ணப்பமே போகவில்லை என்று சந்தேகப்படலாம்.

இன்னொன்று. அந்த உறுதிமொழி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். உங்கள் மகள் நடிப்பது ஏழாவது மாதம். ஆரம்பத்தில் ஒழுங்காக வாங்கியிருந்தாலும் இதற்குள் புதுப்பித்திருக்க வேண்டும்.

ஐந்து மணி நேரம் எப்படிப் பதினான்கு ஆகிறது

விதி தெளிவு: ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் குழந்தை வேலை செய்யக் கூடாது, இடைவேளை இல்லாமல் தொடர்ச்சியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மேனேஜரிடம் கேட்டால், “பாப்பா கேமரா முன்னாடி நிக்கிறது மொத்தமே ஒன்றரை மணி நேரம்தாங்க” என்பார். அதுவும் உண்மையாக இருக்கலாம். மீதி நேரம் மேக்கப் போட்ட முகத்தோடு, பட்டுப்பாவாடையில், தூங்கவும் முடியாமல் விளையாடவும் முடியாமல் காத்திருப்பதில் போகிறது.

காத்திருப்பது வேலையில் சேருமா? குழந்தைக் கலைஞர்களுக்கான விதி இதை விரித்துச் சொல்லவில்லை. ஆனால் இதே சட்டம், 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களின் வேலை நேரத்தைச் சொல்லும்போது, ஓய்வும் காத்திருப்பும் சேர்த்தே ஆறு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது. இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது என்றும் சொல்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் காத்திருப்பு கணக்கில் வரும், ஒன்பது வயதுக் குழந்தைக்கு வராது என்று வாதாட எந்த வக்கீலுக்கும் நாக்கு கூசும். எழுதிக் கேட்கும்போது, காத்திருப்பையும் சேர்த்த நேர வரம்பு, இரவு ஏழுக்கு முன் முடிப்பு, இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

இதைச் செய்ய முடியாது என்று யூனிட் சொன்னால் நம்பாதீர்கள். நேரம் நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் காட்சிகளை அடுக்கும் விதம். ஹாலில் உள்ள காட்சிகளை ஒரே மூச்சில் எடுத்து, பிறகு மாடிக்குப் போகிறார்கள். குழந்தைக்குக் காலையில் ஒரு காட்சி, மாலையில் ஒரு காட்சி என்று சிதறிவிடுகிறது. குழந்தை வரும் காட்சிகளை மட்டும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் குவிக்கலாம். எல்லோரும் சேர்ந்து வரும் மாஸ்டர் ஷாட்டும் குழந்தையின் க்ளோசப்பும் முதலில் எடுத்து அவளை அனுப்பிவிட்டு, பெரியவர்களின் க்ளோசப்பை அவள் உயரத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பார்வைக் கோணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் சஜஷன் ஷாட்டுக்கு அதே உடை, அதே சடையோடு பெரிய பெண் ஒருத்தி டூப்பாக இருந்தால் போதும். விளக்கை இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதுதான் யூனிட்டுக்கு உண்மையான வலி. அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் குழந்தையின் நாள் முழுவதையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அழுகைக் காட்சிக்கும் இதே பதில்தான். அடுத்தவர் திட்டும் வசனத்தைக் குழந்தை இல்லாதபோது எடுக்கலாம். குழந்தை தலையைக் குனிந்து தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து எடுத்தால் கண்ணீரே வேண்டாம். கன்னத்தில் ஒரு சொட்டு கிளிசரின் வைத்து க்ளோசப் எடுக்கலாம். கண்ணுக்குள் விட வேண்டியதில்லை. கண்ணீர் வரவழைக்கும் மென்தால் குச்சியைக் குழந்தையின் கண்ணருகே கொண்டுபோக விடாதீர்கள், எரிச்சல் அதிகம். இத்தனை வழி இருந்தும் பொய் சொல்லி அழவைப்பது, நேரம் மிச்சம் என்பதற்காக மட்டுமே.

சட்டத்தில் அதற்கு என்ன பெயர்? குழந்தையின் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாக எதிலும் பங்கேற்க வைக்கக் கூடாது என்கிறது விதி. சம்மதம் என்பது இங்கே குழந்தையின் சம்மதம், உங்களுடையது மட்டுமல்ல. இது தவிர, தன் பொறுப்பில் உள்ள குழந்தைக்குத் தேவையற்ற மன வேதனையோ உடல் வேதனையோ வரும்படி நடந்துகொள்வது 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவில் குற்றம். உங்கள் விஷயத்தில் அந்தப் பிரிவு நிற்குமா என்பது, அப்போது குழந்தை யார் பொறுப்பில் இருந்தாள், எவ்வளவு பாதிப்பு என்பதைப் பொறுத்தது. உங்களைக் கீழே அனுப்பிவிட்டுச் செய்தது அவர்களுக்குச் சாதகமாக இல்லை. ஆனாலும் எடுத்த எடுப்பில் காவல் நிலையம் போகச் சொல்ல மாட்டேன். விசாரணை என்றால் குழந்தை அதே சம்பவத்தைப் பலரிடம் மறுபடி சொல்ல வேண்டி வரும். மருத்துவரின் கருத்தைக் கேட்டுவிட்டு அதை முடிவு செய்யுங்கள். மாறாக, தொடுதல் தொடர்பாகவோ உடை மாற்றும் இடத்திலோ ஏதாவது நடந்ததாகக் குழந்தை சொன்னால் யோசிக்கவே கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும்.

ஐந்து லட்சம்

இதில் உங்களுக்கு இருக்கும் பயம் அளவுக்கு மீறியது. 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903-இல், அப்போது இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. திரைத்துறையிலேயே ஒரு பழைய வழக்கு உண்டு. மகளை நடிக்க வைக்கத் தந்தை செய்த ஒப்பந்தம், வேடம் வேறொருவருக்குப் போனது, வழக்கு போட்டார்கள். அந்த ஒப்பந்தத்தை வைத்து மகளும் கேட்க முடியாது, தந்தையும் கேட்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. ராஜ் ராணி எதிர் பிரேம் ஆதிப் என்ற அந்தத் தீர்ப்பு இரு பக்கமும் வெட்டும் கத்தி. உங்கள் மகளை அவர்களால் கட்டிப்போட முடியாது. நாளைக்கு அவர்கள் பாத்திரத்தைக் கொன்றுவிட்டால், இரண்டு வருடச் சம்பளம் தா என்று நீங்களும் கேட்க முடியாது. செய்து முடித்த நாட்களுக்கான பாக்கியைக் கேட்பது வேறு, அதற்கு வழி உண்டு.

நீங்கள் உங்கள் பெயரிலேயே ஒரு வாக்குறுதி கொடுத்திருப்பதாக அவர்கள் வாதிடலாம். அப்போதும் ஐந்து லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே ஐந்து லட்சம் கிடைத்துவிடாது. ஒப்பந்தத்தில் எழுதும் தொகை உச்ச வரம்புதான். நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் தரும். ஆட்சியர் அனுமதி இல்லாமல், நேர வரம்பை மீறி வேலை வாங்கிய ஒருவர், அந்த வேலை நின்றதால் நஷ்டம் என்று நீதிமன்றத்துக்கு வருவது அவருக்கே ஆபத்து. நடித்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. ஒருவரின் தனித்திறனைச் சார்ந்த வேலையை அப்படிக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் வக்கீல் நோட்டீஸ் வரலாம். அது வெறும் கடிதம்.

அந்த இருபது சதவீதம்

குழந்தை சம்பாதிப்பதில் குறைந்தது 20 சதவீதத்தை அவள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாக நேரடியாகப் போட வேண்டும். 18 வயதில் அது அவளுக்கு. உங்கள் வீட்டில் அந்த இருபது சதவீதம் கோ-ஆர்டினேட்டருக்குப் போயிருக்கிறது. ஏழு மாதம், மாதம் 13 நாள் என்றால் 91 நாள், 3,64,000 ரூபாய். அதில் 72,800 ரூபாய் மகள் பெயரில் இருந்திருக்க வேண்டும். கமிஷன் போக மீதியில் அல்ல, மொத்தத்தில்.

கணவர் கணக்குக்குப் பணம் வருவதில் வரிச் சிக்கலும் உண்டு. குழந்தையின் வருமானம் வழக்கமாகப் பெற்றோரின் வருமானத்தோடு சேரும். தன் திறமையால் ஈட்டியது அப்படிச் சேராது. அது குழந்தையின் தனி வருமானம். ஆனால் அந்தப் பணத்தை வைப்பில் போட்டு வரும் வட்டி, பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவரோடு சேரும். கணவர் கணக்கில் போட்டால் எல்லாமே அவர் சம்பாதித்ததாகத் தெரியும். மகள் பெயரில் பான் அட்டை எடுங்கள், பெற்றோர் மூலம் எடுக்கலாம். பிடித்த வரியும் அந்த எண்ணில் வரவு வைக்கப்படட்டும்.

இனி என்ன செய்யலாம்

உங்களுக்கு இரண்டு வழி. நிபந்தனையோடு தொடர்வது, அல்லது விலகுவது. மகளிடம் கேளுங்கள், ஆனால் “நடிக்கப் பிடிக்குதா?” என்று கேட்காதீர்கள். உங்களைச் சந்தோஷப்படுத்த ஆமாம் என்பாள். “நாளைக்கு ஷூட்டிங் இல்லைன்னா என்ன பண்ணுவ?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். முதலில் இரண்டு வாரமாவது படப்பிடிப்பை நிறுத்துங்கள், மருத்துவக் காரணம் கையில் இருக்கிறது. அந்த நாட்களில் தூக்கமும் படுக்கையும் சரியானால் உங்களுக்கு விடை கிடைத்துவிடும். என் கருத்தைக் கேட்டால், இந்த யூனிட்டில் தொடர வேண்டாம். பொய் சொன்னவரைவிட, அதைச் சகஜம் என்று சொன்ன மேனேஜர்தான் என் காரணம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஒரு கடிதம் அனுப்புங்கள். திட்ட வேண்டாம், இவ்வளவு போதும்:

“என் மகள் நடிப்பதற்காக மாவட்ட ஆட்சியரிடம் பெற்ற அனுமதி, படிவம் சி உறுதிமொழி ஆகியவற்றின் நகலை ஏழு நாளுக்குள் தரவும். அவளுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் பெயரைத் தெரிவிக்கவும். அவள் பெயரில் செலுத்திய வைப்புத்தொகையின் ரசீதைத் தரவும். மருத்துவ ஆலோசனைப்படி இன்ன தேதி வரை அவள் வர இயலாது.”

தொடர்வதாக இருந்தால் இன்னும் நான்கு வரி சேருங்கள்: காத்திருப்பு சேர்த்து ஐந்து மணி நேரம், மாலை ஏழுக்கு முன் முடிப்பு, தேர்வு நாட்களில் கால்ஷீட் கிடையாது, மானிட்டர் அருகே தாய் எப்போதும் இருப்பாள். தாய் உடனிருப்பதை விதி வரியாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஒப்புதல் இல்லாமல் அனுமதியே இல்லை. ஆகவே ஒப்புதலில் அதை நிபந்தனையாக எழுதுங்கள்.

விலகுவதாக இருந்தால் மூன்று, நான்கு வாரம் அவகாசம் கொடுத்து, உடல்நிலை அனுமதித்தால் ஓரிரு நாள் முடிப்புக் காட்சிக்கு வருவதாக எழுதுங்கள். நஷ்டம் என்ற வாதம் அதிலேயே பாதி கரைந்துவிடும். சீரியலில் ஒரு குழந்தையை ஹாஸ்டலுக்கு அனுப்ப ஒரு வசனம் போதும், அது அவர்களுக்கும் தெரியும்.

கடிதம் அனுப்பும் முன் சான்றுகளைச் சேர்த்துவிடுங்கள். கால்ஷீட் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்திகள், வண்டி வந்த நேரம், வீடு திரும்பிய நேரம், பள்ளிக் கடிதங்கள், வங்கிக் கணக்கு விவரம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை நீக்கினால் செய்திகள் கையை விட்டுப் போகலாம். அதனால் முன்பே வேறு இடத்தில் சேமியுங்கள்.

பதில் வராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். அனுமதி வழங்க வேண்டியவரே அவர் என்பதால், அனுமதி உண்டா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் ஒரு பிரதி. அவசரம் என்றால் 1098. அந்த அழுகைக் காட்சியை முன்னோட்டத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தொலைக்காட்சி நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் செய்யலாம். 2021-இல் வந்த விதிப்படி 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஒளிபரப்பான பழைய அத்தியாயங்களை நீக்க வைப்பது மட்டும் கடினம், அதை எதிர்பார்க்காதீர்கள்.

பெற்றோரைப் பிடிப்பார்களா என்றால், முதல் முறை பெற்றோருக்குத் தண்டனை இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஒருமுறை குற்றம் உறுதியான பிறகு மறுபடியும் செய்தால்தான், அதுவும் 10,000 ரூபாய் வரை அபராதம். நீங்களாகவே முன்வந்து புகார் கொடுக்கிறீர்கள் என்பதும் உங்களுக்குச் சாதகம். இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். தவணையை நினைத்து அவர் பயப்படுவது புரிகிறது. அதற்கு வங்கியில் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்கலாம். இனி தெரிந்தே தொடர்ந்தால், தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்ல முடியாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நோட்டீஸ் வந்தால் போனில் சமாதானம் பேச வேண்டாம், எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது ஒப்பந்தத்தின் நகலைக் கொண்டுபோங்கள். நகல் உங்களுக்குத் தரப்படவே இல்லையென்றால், அதையும் மேலே சொன்ன கடிதத்தில் ஐந்தாவது வரியாகச் சேர்த்துக் கேளுங்கள்.